நான்காவது தடம்

நண்பனின் மனைவி அந்த இயந்திரத்தைப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றிக் கொடுத்தாள். "அவர் போனப்புறம் யாரும் தொடலை. உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணா." கூடவே ஒரு கேஸட். அதன் முதுகில் அவன் கையெழுத்தில் என் கவிதை ஒன்றின் தலைப்பு.

நான்கு தடக் கேஸட் ரிகார்டர் அது. சாதாரணக் கேஸட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. இவ்வகை இயந்திரம் நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்கிறது. ஒன்றைக் கேட்டபடியே இன்னொன்றில் பதியலாம். டீயாக் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்டாஸ்டூடியோ 144தான் இவற்றில் முதலாவது. 1982 ஜனவரியில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தான் தங்கியிருந்த வீட்டில் அதில் தனியாகப் பாடிப் பதிந்ததிலிருந்துதான் 'நெப்ராஸ்கா' இசைத்தட்டு உருவாயிற்று. ஒருவன் தன் அறையிலேயே தன்னோடு சேர்ந்து வாசிக்கலாம் என்ற சாத்தியம் என் நண்பனைப் பித்தாக்கியது. 1986இல் சிங்கப்பூரிலிருந்து வேறு கம்பெனியின் இயந்திரம் ஒன்றைச் சுமந்து வந்தான்.

மூன்று தடங்களில் கிதார் வாசித்துவிட்டு நான்காவதில் என்னைக் கவிதை படிக்கச் சொன்னான். மறுத்தேன். கவிதை கண்ணுக்கானது, ஓசையை உதறித்தான் புதுக்கவிதை பிறந்தது என்பது என் கட்சி. இதைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருந்தேன். "சரிடா, இடம் விட்டு வைக்கிறேன்" என்றான். பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

கேஸட்டைச் சாதாரண டெக்கில் போட்டுப் பார்த்தேன். பாதித் தடங்கள், பாதி வேகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். திருப்பிப் போட்டால் மீதி பின்னோக்கி ஓடிற்று. அந்த இயந்திரம் இல்லாமல் அவன் வாசிப்பு இல்லை.

இயந்திரமோ ஓடவில்லை. விளக்கு எரிந்தது, மோட்டார் முனகியது, சக்கரம் அசையவில்லை. ரிச்சி தெருவில் காட்டினேன். "பார்ட்ஸ் கிடையாது சார். காயலான் கடைக்குப் போட்டுடுங்க."

நானே திறந்தேன். மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் சிதைந்து தாராக வழிந்திருந்தது. இரும்பும் செம்பும் அப்படியே இருக்க, இடையில் இணைத்த மெல்லிய பொருள்தான் போயிருக்கிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சுமாக இரண்டு மாலை துடைத்தேன். விரல்களில் கறுப்பு நான்கு நாள் போகவில்லை. நூலைச் சுற்றி அளவெடுத்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட் வாங்கி மாட்டினேன். டேப்பை அழுத்தும் ரப்பர் உருளையையும் ஹெட்டையும் சுத்தம் செய்தேன். ஓடியது, ஆனால் சுருதி இறங்கியிருந்தது. தொடக்கத்தில் அவன் தனியாக மீட்டியிருந்த ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸுக்கு வரும்வரை மோட்டாரின் சிறு திருகைத் திருப்பினேன்.

பிறகு மூன்று தடங்களும் சேர்ந்து கேட்டன. நடுநடுவே அவன் வாசிப்பை நிறுத்தியிருந்தான். ஒரு நிறுத்தம் நீண்டது, அடுத்தது குறுகியது. தயக்கமென்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். நான் வரியை முறித்த இடங்களிலெல்லாம் அவன் நின்றிருந்தான். என் கவிதையில் ஓசை இல்லை என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது அவன் அதைக் கேட்டிருக்கிறான்.

நான்காவது தடத்தின் ஒலியை உயர்த்தினேன். டேப்பின் இரைச்சல் மட்டும். கேஸட்டின் முதுகில் மேற்பதிவைத் தடுக்க உடைத்துவிடும் சிறு தகடு உடைக்கப்படாமல் இருந்தது. தான் பதிந்த மற்றக் கேஸட்டுகளிலெல்லாம் அவன் அதை உடைத்திருக்கிறான்.

அந்தக் கவிதையை இப்போது உரக்கப் படித்துப் பார்க்கிறேன். குரல் நடுங்குகிறது, ஒரு வரி மட்டும் வாயில் நிற்க மறுக்கிறது. நான் மாட்டியதும் ரப்பர் பெல்ட்தான். அதுவும் ஒருநாள் தாராகும். அதற்குள் ஒரு மைக் வாங்க வேண்டும்.