நாலு ரூபாய் காற்று

2018 ஜூலை மாதம். மீட்டர் பெட்டியில் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தவன், ஹாலில் நின்றபடி கொஞ்சம் சத்தமாகவே படித்துவிட்டேன். ‘‘மூவாயிரத்து முப்பத்து நாலா!’’

அதற்கு முந்தைய பில் 1,070 ரூபாய்தான். ‘இந்த வீட்டில் கரன்ட்டை யாராவது குடிக்கிறார்களா?’ என்று வழக்கமான குடும்பத் தலைவர் வசனத்தைப் பேசிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க மே மாதத் தொடக்கத்தில் மன்னார்குடியிலிருந்து வந்தவர், எங்களுடனேயே தங்கியிருந்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா அறையில் ஃபேன் ஓடவில்லை. இருட்டில் ‘சரக் சரக்’ என்று ஒரு சத்தம். பனையோலை விசிறி. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே விசிறிக்கொண்டிருந்தார்.

‘‘ஏம்மா, ஃபேன் ரிப்பேரா?’’

‘‘இல்லப்பா, குளிருது’’ என்றார். சென்னையில், ஜூலையில்! நான் ஸ்விட்சைத் தட்டியதும் மெதுவாகச் சொன்னார்: ‘‘நான் வந்துதானேப்பா பில்லு ஏறிப்போச்சு.’’

அதற்குப் பிறகு எங்கே தூங்குவது? பி.காம். படித்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு அக்கறையாக நான் எந்தக் கணக்கையும் போட்டதில்லை. முதலில் அம்மாவின் ஃபேன். பழைய ஃபேன், 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அன்றைய உச்ச விகிதமான 6 ரூபாய் 60 காசைப் போட்டாலும் நாலு ரூபாய் வரவில்லை. ஒரு டீயை விடக் குறைந்த காசுக்காக, எழுபத்து நாலு வயதில் ஒருவர் மூன்று ராத்திரி விழித்திருந்திருக்கிறார்.

அடுத்து அட்டை. போன தடவை 480 யூனிட், இந்தத் தடவை 690. யூனிட் ஏறியது 44 சதவிகிதம்தான். பணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. இது எப்படி? வருமான வரியில் அடுத்த படிக்குப் போனால், மேலே போன தொகைக்குத்தான் கூடுதல் வரி. மின்கட்டணமும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே கதையே வேறு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். முதல் 100 இலவசம், சரி. அடுத்த 100, இரண்டு ரூபாயிலிருந்து மூன்றரை ரூபாய்க்குத் தாவும். 201 முதல் 500 வரை மூன்று ரூபாய் என்பது 4 ரூபாய் 60 காசாகும். நிலைக்கட்டணம் 30 என்பது 50 ஆகும். 500 யூனிட்டுக்கு பில் 1,130 ரூபாய். 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய் சொச்சம்! தங்கம் மாதிரி அதைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்திருக்க வேண்டாமோ?

சரி, 210 யூனிட் எங்கே போனது? மறுநாள் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஃபிரிஜ்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். (தெருநாய் ஒன்று என்னை சந்தேகமாகப் பார்த்தது.) மீட்டரில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். எத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே போட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 3,200. விளக்கு சோம்பலாக மினுக்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணிக்குத் திடீரென்று அது துடிக்க ஆரம்பித்தது. மோட்டார்! தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாக ஓடுகிற ஏற்பாடு எங்கள் வீட்டில். ராத்திரி பதினொன்றரைக்கு யார் குளித்தார்கள்? வீடே தூங்குகிறது. உள்ளே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பின்பக்கக் கழிவறையில் ஃபிளஷ் டேங்க்கிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

‘‘பிளம்பரைக் கூப்பிடுங்க’’ என்று மனைவி மே மாதத்திலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தார். நான்தான், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு வாரம் காலையும் இரவும் மீட்டரைக் குறித்து வைத்துப் பேரேடு போட்டேன். ஒழுகலால் மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியது; 60 நாளில் 60 யூனிட். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மே மாதம் முழுக்க வீட்டிலிருந்த மகன், பகலில் இரண்டரை மணி நேரம் பழைய ஒன்றரை டன் ஏசியைப் போட்டிருந்தான்; 112 யூனிட். அதுவும் 18 டிகிரியில். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது அவன் சித்தாந்தம். குளிர்கிற வேகம் ஒன்றேதான். கம்ப்ரஸர் ஓய்வெடுக்காமல் ஓடுவதுதான் மிச்சம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. (2020 ஜனவரி முதல் புது ஏசிகளெல்லாம் 24-ல்தான் விழிக்க வேண்டும் என்று விதியே வந்தது.) அம்மா பங்கு 36. ஆக மொத்தம் 208. மீதி 2 யூனிட்டை, காமர்ஸ்காரர்கள் செய்வதுபோல சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டேன்.

ஃபிளஷ் டேங்க்குக்கு ஒரு ரப்பர் வாஷர் போட்டதும் ஒழுகல் நின்றது. ஏசி 25-க்கு ஏறியது. ராத்திரி டி.வி-யோடு செட்டாப் பாக்ஸையும் சுவரிலேயே அணைத்தோம். அடுத்த பில் 472 யூனிட், 1,046 ரூபாய். அம்மாவின் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடியும்தான் இந்தக் கணக்கு.

2022 செப்டம்பரில் விகிதங்கள் மாறின. நிலைக்கட்டணம் போனது, 500 யூனிட்டுக்கு 1,725, 501-க்கு 1,958 என்றானது. பள்ளம் 233 ரூபாயாகச் சுருங்கியது, ஆனால் பள்ளத்தின் இரண்டு கரையும் உயர்ந்துவிட்டது. அதன் பிறகும் விலை ஏறியிருக்கிறது. ஆகவே என் பழைய எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் கடைசி பில்லை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே மீட்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்தால், விளிம்பில் நின்றுவிட வழியுண்டு.

பேரேட்டை அம்மாவிடம் காட்டி, ‘‘குற்றவாளி நான்தாம்மா’’ என்று ஒப்புக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தவர், ‘‘எம்பேருல முப்பத்தாறு இருக்கே’’ என்றார்.

பிறகு அந்த அறைக்கு, 30 வாட்டுக்குள் ஓடுகிற புது வகை ஃபேன் ஒன்று வாங்கி மாட்டினேன். பழையதில் பாதிகூட இழுக்காது, ரிமோட்டில் இயங்கும் என்று பெருமையாக விளக்கினேன். அம்மா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘‘எல்லாம் சரிப்பா. இந்த பேட்டரிக்கு யாரு காசு குடுக்கறது?’’