கார் எங்கே படுக்கும்?

டொரன்டோ விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எப்படி இருக்காங்க?" இல்லை. "ஊறுகாய் உடையாம வந்துதா?" கூட இல்லை.

"நீ பி.காம். தானேடா?"

"ஆமா... முடிச்சு பதினாலு வருஷம் ஆச்சு. ஏன்?"

"ஒரு கணக்கு இருக்கு. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன். திருச்சியில் பிறந்து, கனடாவில் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் பதினோராவது மாடியில் குடியிருப்பவன். அவனுடைய பழைய கார் நான் போவதற்குப் பத்து நாள் முன்புதான் காலமாகியிருந்தது. என்னை அழைத்துப் போக வந்தது பக்கத்து வீட்டுக்காரரின் கார். இது நடந்தது 2024 அக்டோபரில்.

விமான நிலையத்திலிருந்து ஸ்கார்பரோ போக 401 என்கிற நெடுஞ்சாலை. டொரன்டோவைத் தாண்டும் இடத்தில், ஒரே நாளில் 4 லட்சம் வண்டிகளுக்கு மேல் போவதுகூட உண்டாம். அன்றைக்கு அந்த நாலு லட்சமும் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

திடீரென்று எங்கள் கார் மௌனமானது. உறுமல் இல்லை, அதிர்வு இல்லை.

"அண்ணே, வண்டி ஆஃப் ஆயிடுச்சு!"

"பதறாதே. ஹைபிரிட். நின்னா இன்ஜின் தூங்கிடும். மெதுவா நகர்ந்தா பேட்டரிலயே நகரும். இதுல தாண்டா என் கணக்கே இருக்கு."

வீட்டுக்குப் போகும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. அந்த நெரிசலிலேயே கொட்டித் தீர்த்தான். புது கார் வாங்க வேண்டும். டொயோட்டா ராவ்4 என்று முடிவு செய்தாகிவிட்டது. சாதாரண ஹைபிரிட்டா, பிளக்-இன் ஹைபிரிட்டா என்பதில்தான் ஒரு வாரமாக வீட்டில் பேச்சுவார்த்தை தோல்வி. பிளக்-இன் சுமார் 11 ஆயிரம் டாலர் அதிகம். மத்திய அரசு மானியம் 5 ஆயிரம் கழித்தால் 6 ஆயிரம். அண்ணன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அடுத்த செப்டம்பரில் யுனிவர்சிடி. அந்த 6 ஆயிரம் என்பது முதல் வருஷ பீஸில் பெரும்பகுதி.

"அப்புறம் என்ன, சாதாரண ஹைபிரிட்டே வாங்கேன்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. பதிலை அன்றிரவு அண்ணி சொன்னார். "என் தம்பி போன வருஷம் பிளக்-இன் வாங்கினான். நாலு மாசமா பெட்ரோல் பங்க் பக்கமே போகலைன்னு இவர்கிட்டே சொல்லிட்டான். அன்னிலேருந்து உங்க அண்ணனுக்குத் தூக்கம் இல்லை!"

மச்சான் வாங்கிவிட்டான்! உலகத்தில் பாதி கார்கள் விற்பது இந்த ஒரு காரணத்தால்தான் சார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற நண்பர்களுக்கு: நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் சில்லறை சேர்ப்பார்களே, அதுதான் சாதாரண ஹைபிரிட். பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து ஒரு சின்ன பேட்டரியில் போட்டு வைக்கும். நகரும்போது எடுத்துச் செலவழிக்கும். ஆனால், அந்தச் சில்லறையும் அப்பா கொண்டுவந்த சம்பளத்திலிருந்து வந்ததுதான். அதாவது பெட்ரோல். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்த நாளிலிருந்து இதே குடும்பக் கதைதான்.

பிளக்-இன் என்பது அஞ்சறைப் பெட்டியோடு ஒரு பேங்க் கணக்கும் வைத்திருப்பது மாதிரி. பேட்டரி பெரிது. அண்ணன் ஆசைப்பட்ட ராவ்4 பிரைமில் 18.1 யூனிட் பிடிக்கும். சுவரில் செருகி சார்ஜ் ஏற்றினால் பெட்ரோல் இல்லாமலே 68 கி.மீ. போகும். அது தீர்ந்ததும் சாதாரண ஹைபிரிட்டாக மாறிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. பேங்கில் யாராவது தினமும் பணம் கட்ட வேண்டும்!

மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரரே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கட்டடமே அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுகிறது. "தம்பி ஊரிலயிருந்து வந்திருக்கிறார். நயாகராவைக் காட்டிக்கொண்டு வாங்கோ. வரேக்க டாங்கை நிரப்பிவிட்டாச் சரி."

டொரன்டோவிலிருந்து நயாகரா சுமார் 130 கி.மீ. ஒன்டாரியோ ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை. ஊருக்குள் நெரிசலில் அமைதியாக இருந்த இன்ஜின், வெளியே நூறு கி.மீ. வேகத்தில் போனபோது பெரும்பாலும் விழித்தே இருந்தது. ஹைபிரிட்டின் கெட்டிக்காரத்தனமெல்லாம் நின்று நின்று போகும் தெருவில்தான். நீண்ட நேர் சாலையில் பிரேக்கே போடாவிட்டால் சில்லறை எங்கிருந்து சேரும்?

நயாகராவைப் பற்றி நான் புதிதாக வர்ணிக்க ஒன்றும் இல்லை. பேசினால் காதில் விழாது. சிரித்தால் வாய்க்குள் சாரல். மனைவியோடு வாக்குவாதம் செய்ய உலகிலேயே சிறந்த இடம்.

ஆனால், அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. நயாகராவுக்கு டைம்டேபிள் இருக்கிறது சார்!

1950-ல் கனடாவும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. டூரிஸ்ட் சீசனில் பகல் நேரத்தில் அருவியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீராவது விழ வேண்டும். அதாவது சுமார் 28 லட்சம் லிட்டர். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும். மிச்சத்தை ஆற்றிலேயே மடக்கி, சுரங்கக் குழாய்கள் வழியாக மின் நிலையங்களுக்கு அனுப்பிவிடலாம். அக்டோபரில் இரவு எட்டு மணியோடு அருவிக்கு அரை ஷிப்ட் முடிகிறது. உலகப் புகழ்பெற்ற அருவியை, கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி பாதி மூடிவிடுகிறார்கள்!

கனடா பக்கத்து மின் நிலையத்தின் பெயர் சர் ஆடம் பெக். ஒன்டாரியோவில் மின்வாரியத்தை ஆரம்பித்து வைத்த மனிதர். தண்ணீரிலிருந்து வந்த கரண்ட் என்பதால் அந்த ஊரில் இன்றைக்கும் கரண்ட் பில்லுக்கு 'ஹைட்ரோ பில்' என்றுதான் பெயர். அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம். இரவில் கரண்ட் உபயோகம் குறைவாக இருக்கும்போது தண்ணீரை அதில் ஏற்றி வைத்து, பகலில் தேவை வரும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள்.

"இதானேடா பிளக்-இன்!" என்று அண்ணன் சாரலில் நனைந்தபடி கத்தினான். "ராத்திரி மலிவா கிடைக்கிறதைப் பிடிச்சு வச்சு, பகல்ல செலவு பண்றது!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்று ஒன்டாரியோவின் கரண்ட்டில் சுமார் பாதி அணுசக்தி. ஸ்கார்பரோவுக்குக் கொஞ்சம் கிழக்கே பிக்கரிங்கில் ஒரு நிலையம். சென்னைக்குக் கல்பாக்கம் மாதிரி, இன்னும் பக்கத்தில். அணு உலையை, ஊர் தூங்கிவிட்டது என்று சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. ஆகவே ராத்திரி கரண்ட் மிஞ்சும். 2023 மே மாதம் ஒரு புதுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 2.4 சென்ட். வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சென்ட். பத்து மடங்கு! (பிறகு இரண்டும் ஏறிவிட்டன. விலை ஏறுவதில் கனடாவும் நம் ஊர்தான்.)

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் விசிலடித்துக்கொண்டே வந்தான். பிளக்-இன் முடிவாகிவிட்டது. பி.காம். தேவையில்லாமல் போய்விட்டது.

டாங்கை நிரப்பிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கட்டடத்தின் அடியில், தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில் வண்டியை நிறுத்தினோம். அண்ணை அங்கே குப்பை போட வந்திருந்தார். சாவியைக் கொடுத்த அண்ணன், சந்தோஷம் தாங்காமல் விஷயத்தைச் சொன்னான்.

அண்ணை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. கார் இரவில எங்க படுக்கும்?"

"எங்கே... இங்கேதான்."

"அப்ப பிளக் எங்க இருக்கு எண்டு காட்டுங்கோ பாப்பம்."

நாங்கள் மூன்று பேரும் அந்தத் தளத்தைச் சுற்றிவந்தோம். தூண்கள் இருந்தன. எண்கள் இருந்தன. யாரோ விட்டுப்போன ஒற்றை பூட்ஸ் இருந்தது. லிப்ட் பக்கத்தில், தரை கழுவுகிற மெஷினுக்காக ஒரே ஒரு பிளக் இருந்தது. அண்ணனின் இடத்திலிருந்து அது இருபது கார் தள்ளி.

"நானும் முந்தி பிளக்-இன் வச்சிருந்தனான்" என்றார் அண்ணை. "இந்த பிளக்கில இருந்து ஒருநாள் வயர் இழுத்துப் போட்டன். அடுத்த நாள் மனேஜ்மென்டில இருந்து கடிதம். பிறகு வெளியில காசு கட்டி சார்ஜ் போட்டுப் பாத்தன். மணித்தியாலக் கணக்கா ஆர் காவல் நிக்கிறது? ரெண்டு வருசம் அந்த பேட்டரியைச் சும்மா காவிக்கொண்டு திரிஞ்சன். கடைசியா நட்டத்துக்கு வித்துப்போட்டுத்தான் இந்த ஹைபிரிட்டை எடுத்தன்."

காவிக்கொண்டு என்றால் சுமந்துகொண்டு. ராவ்4 பிரைம் அதன் சாதாரண ஹைபிரிட் தம்பியைவிட 200 கிலோவுக்கு மேல் கனம். சார்ஜ் போடாமல் ஓட்டினால், நாலு பேரை ஓசியில் ஏற்றிக்கொண்டு தினமும் ஆபீஸ் போவதற்குச் சமம்.

லிப்டில் அண்ணன் விசிலடிக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்கு விமானக் களைப்பில் தூக்கம் வரவில்லை. அண்ணனுக்குக் கவலையில் வரவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அண்ணியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போய்த் திரும்ப தினம் 50 கி.மீ. சாதாரண ஹைபிரிட் 100 கி.மீ.க்கு 6 லிட்டர் குடிக்கும். ஆக 3 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் நாலரை டாலர். பிளக்-இன்னுக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 15 யூனிட். மலிவுக் கட்டணத்தோடு மற்ற செலவுகளையும் சேர்த்து யூனிட்டுக்குப் பத்து சென்ட் என்று தாராளமாகப் போட்டாலும் ஒன்றரை டாலர். தினம் 3 டாலர் மிச்சம். வருஷத்தில் 250 வேலை நாள். 750 டாலர்.

ஆறாயிரத்தை எழுநூற்று ஐம்பதால் வகுத்தால் எட்டு வருஷம்.

"அதுவும் பிளக் இருந்தாத்தான்" என்றேன். "இல்லைன்னா மிச்சம் பூஜ்யம்."

இது அண்ணன் ஒருவனின் கதையும் இல்லை. ஐரோப்பிய கமிஷன் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் சாலையில் கக்குகிற கரியமில வாயு, லேபில் அளந்ததைப் போல மூன்றரை மடங்கு! முக்கியக் காரணம், எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்கள் அவற்றைச் செருகுவதே இல்லை. பேங்க் கணக்கு ஆரம்பித்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்க வந்த அண்ணி எங்கள் பேப்பரைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜனவரியில, காலைல அஞ்சே முக்காலுக்கு, மைனஸ் பதினஞ்சுல என்னை டியூட்டில விடப் போவீங்களே... அப்ப ஹீட்டர் போட்டா இது கரண்ட்ல ஓடுமா?"

நான் மறுபடி படித்துப் பார்த்தேன். மைனஸ் பத்துக்குக் கீழே போனால், ஹீட்டர் போட்டதும் பிரைமிலும் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும்.

"அப்ப என் தம்பி நாலு மாசம்னு சொன்னது எந்த நாலு மாசம்?"

மே முதல் ஆகஸ்ட் வரை!

மச்சானைக் குறை சொல்வதற்கில்லை. அவனுக்கு மார்க்கமில் சொந்த வீடு. கார் ஷெட்டுக்குள் பிளக். அங்கே சாதாரண பிளக் 120 வோல்ட்தான் என்றாலும், மலிவு நேரமான எட்டு மணியில் 11 யூனிட் ஏறிவிடும். அவனுக்கு 40 கி.மீ. போதும். அப்படிப்பட்டவர்களுக்குப் பிளக்-இன் லட்டு மாதிரி. தினசரி கரண்ட்டில், நயாகரா போக பெட்ரோலில். இரண்டு கார்களும் நல்ல கார்கள்தான். ஒன்றுக்கு வீடு வேண்டும், இன்னொன்றுக்கு ரோடு போதும்.

அண்ணன் சாதாரண ஹைபிரிட்டையே வாங்கினான்.

2025 ஜனவரியில் போன் செய்தான். குரலில் சுரத்தில்லை. மானியப் பணம் தீர்ந்துபோய் அரசாங்கம் திட்டத்தை நிறுத்திவிட்டதாம். "ஐயாயிரம் டாலர்டா... போச்சு. இனிமே நினைச்சாலும் கிடைக்காது."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "ஐயாயிரம் வரலைன்னு சொல்லாதீங்க. ஆறாயிரம் போகலைன்னு சொல்லுங்க. பொண்ணு பீஸ் கட்டணும்!"

அண்ணி பி.காம். படிக்கவில்லை. நர்சிங்.

நம் ஊரிலும் 2022-ல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா என்று ஹைபிரிட்டுகள் வந்தாகிவிட்டன. நாளைக்கு ஷோரூமில் டை கட்டிய பையன் உங்களிடமும் பிளக்-இன்னை நீட்டலாம். மைலேஜ், குதிரைசக்தி, மச்சான் என்ன வாங்கினான் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அண்ணையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

போனை வைத்ததும் நான் எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருபத்து நாலு கார். ஒரே ஒரு பிளக்.

அதில் வாட்ச்மேனின் கொசு பேட் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.