டாப்ஸ்லிப்பில் கரண்ட் கட்!

வெண்ணந்தூர்க்காரர்களிடம் போனில் பேசியிருக்கிறீர்களா? செல்லை ஓர் அடி தள்ளிப் பிடித்துக்கொள்வது உங்கள் காதுக்கு நல்லது. கோபமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஊரில் தடுக்கி விழுந்தால் விசைத்தறி. ‘டக்கடிக்... டக்கடிக்’ என்று ராப்பகலாய் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை, கல்யாணப் பந்தியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே வால்யூமில்தான் வேலை செய்யும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து நாலு பேர், சத்தமே போடக்கூடாத ஓர் இடத்துக்கு டூர் போன கதை இது.

நாலு பேரில் ஒருவன் ஆடிட்டர் ஆபீஸில் குமாஸ்தா. இன்னொருவன் ராசிபுரத்தில் ஃபைனான்ஸ் வசூல். மூன்றாமவன் சொந்தமாய் எட்டுத் தறி ஓட்டுகிறவன். நாலாவது ஆசாமி அடியேன். மற்றவர்கள் பெயர் வேண்டாம். வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். ஆடிட்டர், ஃபைனான்ஸ், தறி... இப்படியே வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை நாங்கள் போட்ட பிளானை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டே நாள். பழநி, அமராவதி அணை முதலைப் பண்ணை, திருமூர்த்தி மலை, ஆனைமலை மாசாணியம்மன், டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், ஆழியாறு, குரங்கு அருவி, வால்பாறை, சோலையாறு அணை, கடைசியாக அதிரப்பள்ளி (அதுதான் சார், ‘புன்னகை மன்னன்’ அருவி!). மொத்தம் பதினொன்று. செல்போன் மேப்பில் பார்த்தால் எல்லாம் ஒரு விரற்கடை தூரம்தான். “பக்கம் பக்கமாத்தான் இருக்குது மாப்ள” என்றான் ஃபைனான்ஸ். வசூலுக்குப் போகிறவனுக்கு எல்லா ஊரும் பக்கம்தான்.

இரண்டு பைக். வெள்ளி ராத்திரி கிளம்பினோம். பழநியில் க்யூ எங்கள் சனிக்கிழமையில் பாதியைச் சாப்பிட்டது. மீதிப் பாதியில் முதலைப் பண்ணை. முதலைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய நாங்களும் கம்பி வேலியில் சாய்ந்து தூங்கினோம். ஞாயிறு காலை ஒருவழியாகச் சேத்துமடை செக்போஸ்ட். அங்கே ஒரு வனக்காவலர் எங்கள் வண்டிகளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, டூவீலருங்களா? மேல விடறதில்லீங்க. யானை நடமாட்டம்.”

அவ்வளவுதான். டாப்ஸ்லிப்புக்குக் கார், வேன், பஸ் போகலாம். பைக் போக முடியாது. ஒரே ஒரு ஆளிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பதினொன்றுக்கு இரண்டு மார்க்கோடு ஊர் திரும்பினோம். “ரெண்டு நாள் தறிய நிறுத்திட்டு வந்து, தூங்கற மொதலையப் பாத்துட்டுப் போறேன்டா” என்றான் தறி. அதற்கப்புறம் டூர் என்ற வார்த்தையையே யாரும் எடுக்கவில்லை.

எடுத்தது தறிதான். ஒருநாள் டீக்கடையில் என் தோளில் கை போட்டு, “ரகசியம்டா, யாருகிட்டயும் சொல்லாத” என்று ஆரம்பித்து, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். சேலத்தில் காது டாக்டரிடம் போயிருக்கிறான். டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, “தறிச் சத்தம் காதைத் தின்னுட்டு வருதுங்க. போனது திரும்ப வராது. இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க. கொஞ்ச நாள் சத்தமில்லாத இடத்துல காதுக்கு ஓய்வு குடுங்க” என்று சொல்லிவிட்டார்.

“சத்தமில்லாத எடம் நம்மூர்ல எங்கடா இருக்குது?” என்றான். கூடவே, “இந்தத் தடவ நீ கணக்குப் போடு. பி.காம். படிச்சது எதுக்காவது ஒதவட்டும்.”

போட்டேன். பட்ஜெட் என்றால் நாம் பணத்துக்குத்தான் போடுகிறோம். டூருக்கு முதலில் நேரத்துக்கு பட்ஜெட் போட வேண்டும் சார். இரண்டு நாள் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரம். வெண்ணந்தூரிலிருந்து திருச்செங்கோடு, ஈரோடு, திருப்பூர், பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். போக வர, நடுவில் டீ, டிபன் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் காலி. தூக்கம், சாப்பாடு போனால் கையில் நிகர இருப்பு இருபது மணி நேரம் தேறினால் அதிகம். இதில் பதினோரு ஊரா? பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன்.

பழநியும் அமராவதியும் திருமூர்த்தி மலையும் வேறு திசை, அடி. (பழநியை அடித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை.) அதிரப்பள்ளி மலைக்கு அந்தப்பக்கம், கேரளா, அடி. வால்பாறையில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். மேப்பில் டாப்ஸ்லிப்புக்கும் வால்பாறைக்கும் நடுவே கொஞ்சம் பச்சைதான் தெரியும். அந்தப் பச்சை முழுக்கக் காடு. நம் வண்டிக்கு அதில் வழி கிடையாது. மலையிறங்கி, ஆழியாறு வந்து, நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். போதாததற்கு 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வேறு. வால்பாறைக்கும் சோலையாறுக்கும் குரங்கு அருவிக்கும் தனியாக இரண்டு நாள் ஒதுக்குவதுதான் மரியாதை, அடி.

மிச்சம் நின்றது நாலு: மாசாணியம்மன், டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், திரும்பும்போது ஆழியாறு. நாலும் ஏறக்குறைய ஒரே பாதை. ஃபைனான்ஸுக்கு முகம் தொங்கிவிட்டது. “நாலு எடத்துக்கா ரெண்டு நாளு?”

இன்னொரு காரியமும் செய்தேன். வனத்துறை விடுதியில் அறை கிடைத்த பிறகுதான் ஆபீஸில் லீவு கேட்கச் சொன்னேன். நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்வோம். லீவு வாங்கி, பை கட்டி, அங்கே போய் “ரூம் இருக்குங்களா?” என்று நிற்போம். டாப்ஸ்லிப்பில் தங்க நினைத்தால் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். கோடையில் காட்டுத் தீ பயம் வந்தால் காட்டையே மூடிவிடுவதும் உண்டு. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை நாலு மணி. வாடகைக் கார். தறி மட்டும் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். எட்டுத் தறியும் நின்றிருந்தன.

ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கும் பெரிய அம்மன். நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். ஃபைனான்ஸ் கடன் கட்டாத பார்ட்டிகளின் லிஸ்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். “அவங்க உம்பேருக்கு அரைச்சிருந்தா என்னடா பண்ணுவ?” என்று ஆடிட்டர் கேட்டதும் லிஸ்ட் உள்ளே போய்விட்டது.

சேத்துமடையில் பையைச் சோதித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஃபைனான்ஸ் துண்டுக்குள் இரண்டு பாட்டில் சுற்றி வைத்திருக்கிறான் என்று! காட்டுக்குள் உடைகிற பாட்டில் யானையின் காலைக் கிழிக்கும். புண் சீழ் வைத்தால் அவ்வளவு பெரிய உருவம் நடக்க முடியாமல் விழுந்துவிடும். இதனால்தான் நீலகிரியில் 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பாட்டில்களைப் பறிகொடுத்த ஃபைனான்ஸ் மலையேறும் வரை பேசவில்லை. எங்கள் ஊரில் அது சாதனை.

டாப்ஸ்லிப் என்ற பெயருக்குக் காரணம் தேக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலுக்கும் ரயிலுக்கும் இங்கே மரம் வெட்டி, யானையை விட்டு மலை உச்சிக்கு இழுத்து வந்து, அங்கிருந்து சரிவில் கீழே சறுக்கி விடுவார்களாம். உச்சியிலிருந்து சறுக்கியதால் டாப்ஸ்லிப். இப்படியே சறுக்கிச் சறுக்கி மலை மொட்டையாகும் நேரத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்று ஒரு வன அதிகாரி வந்தார். போகிற இடமெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, பாக்கெட்டிலிருந்து தேக்கு விதையைப் போட்டு மூடிக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்தவரை அவர் ஆசைப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள். இன்றும் கல்லறை இருக்கிறது. நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார் என்ற அர்த்தத்தில் அதில் ஒரு லத்தீன் வாசகம். சுற்றிலும் பார்த்தோம். மரம்... மரம்... மரம்.

1989-ல் இந்த மலையில் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அது ஒரே துண்டு அல்ல. கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி என்று மூன்று துண்டு. இதில் கரியன் சோலை டாப்ஸ்லிப்பை ஒட்டியது. 2007-லிருந்து மொத்தமும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ‘புலி எங்கே?’ என்று கேட்காதீர்கள். வனத்துறை வேனில் எங்களுக்குக் கிடைத்தது காட்டுமாடுக் கூட்டமும், புள்ளிமான்களும், ஒரு மலை அணிலும். பக்கத்தில் கோழிகமுத்தி யானை முகாம். மலசர் சமூகத்து மாவுத்தர்கள் பரம்பரையாக யானை பழக்குகிற இடம். ஊருக்குள் வந்த எத்தனையோ காட்டு யானைகளை மடக்கிய கும்கி கலீம் இங்கேதான் 2023-ல் ரிடையர் ஆனது, வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு! ஆடிட்டர் பெருமூச்சு விட்டான். அவன் ஆபீஸில் ரிடையர் ஆனவருக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

அன்று ராத்திரிதான் விஷயம். எட்டரைக்கெல்லாம் எல்லாம் அடங்கிவிட்டது. பதினோரு மணிக்குக் கண் விழித்தால், தறி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான்.

“என்னடா?”

“தூக்கம் வரலடா. கரண்ட் போன மாதிரியே இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. தறிக்காரன் வீட்டில் சத்தம் நின்றால் கரண்ட் கட் என்று அர்த்தம். கரண்ட் கட் என்றால் நஷ்டம். முப்பத்து நாலு வருஷமாய் அவனுக்கு அமைதி என்றாலே பயம்தான்.

விடியற்காலை வழிகாட்டி ஒருவருடன் நடந்தோம். மலசர் பெரியவர், செருப்புச் சத்தம்கூட இல்லாத நடை. ஓர் ஓடைப் பக்கம் சட்டென்று கையைத் தூக்கினார். மெல்லிய விசில். சின்னப் பையன் விளையாட்டாய் விசிலடிக்கிற மாதிரி. “சீகாரப் பூங்குருவி” என்றார். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டோம்.

“எங்கடா? என்னடா?” என்றான் தறி. எங்கள் முகத்தையே மாற்றி மாற்றிப் பார்த்தான். குருவி மறுபடியும் பாடியது. அவனுக்கு மறுபடியும் கேட்கவில்லை. ஃபைனான்ஸ்கூட வாயை மூடிக்கொண்டான்.

தறிச் சத்தம் காதில் முதலில் தின்பது இப்படிப்பட்ட கீச்சுச் சத்தங்களைத்தானாம். கனத்த சத்தங்கள் கடைசியில்தான் போகும். அவன் டாக்டர் சொன்னது அங்கேதான் எனக்கு அர்த்தமானது. பெரியவர் என்ன புரிந்துகொண்டாரோ, “கொஞ்சம் உக்காருங்க தம்பி” என்றார். உட்கார்ந்தோம். கால் மணி, அரை மணி. பதினோரு ஊர் பிளானில் இந்த அரை மணிக்கு இடமே இருந்திருக்காது.

திடீரென்று மரத்து உச்சியிலிருந்து ‘ஹூ... ஹூ... ஹூ...’ என்று காடே அதிர ஒரு முழக்கம். கருமந்தி! தறி துள்ளி எழுந்தான். “கேட்டுதுடா! கேட்டுதுடா மாப்ள!” என்று அசல் வெண்ணந்தூர் வால்யூமில் கத்தினான். கருமந்தி, பக்கத்திலிருந்த மான், பூங்குருவி எல்லாம் ஒரே ஓட்டம். பெரியவர் கோபிப்பார் என்று பார்த்தால், சிரித்தார்.

பிறகு பரம்பிக்குளம். கேரளக் காடு; ஆனால் போகிற ரோடு தமிழ்நாடு வழியாகத்தான். கேரள வனத்துறையின் சுற்றுப்பயண வண்டியில் துணக்கடவுப் பக்கம் கன்னிமாரா தேக்கைப் பார்த்தோம். சுற்றளவு ஆறரை மீட்டருக்கு மேல். அங்குள்ள அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன; பராமரிப்பது தமிழ்நாடு. அந்தத் தண்ணீரில்தான் பொள்ளாச்சித் தென்னை நிற்கிறது. மாலையில் ஆழியாறு அணை மேல் கொஞ்சம் காற்று. ராத்திரி பன்னிரண்டுக்கு வீடு.

மறுநாள் கணக்கு முடித்தேன். தலைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டு, தறி பெயருக்கு நேராக ‘எட்டுத் தறி, இரண்டு நாள், நஷ்டம்’ என்றும் எழுதினேன். அவன் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டான்.

இப்போது தறி ஓட்டும்போது காதில் அடைப்பான் போட்டுக்கொள்கிறான். தன்னிடம் வேலை செய்கிற நாலு பேருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரே தொந்தரவு, வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நேற்று ஃபைனான்ஸ் என் காதில் மட்டும், “அடுத்த டூரு வால்பாறை, ரெண்டே நாளு, ரெண்டே எடம்” என்று கிசுகிசுத்தான்.

தறிக்கு எப்படியோ கேட்டுவிட்டது!