நான்கு கதவு ஹெரால்டும் அதன் ரப்பரும்

பழைய மோட்டார் வண்டிகளை மீட்டெடுக்கும் பணியில் இரும்பைவிட ரப்பரே அதிகத் தொல்லை தருவது. துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கலாம். தேய்ந்த தண்டின்மேல் உலோகம் ஏற்றி மீண்டும் கடையலாம். வெடித்துப்போன ரப்பரைச் செப்பனிட அப்படி ஒரு வழியும் இல்லை. ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைக்கும் வல்கனைசேஷன் என்னும், சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த வேதிச்செயல் ஒருமுறை நிகழ்ந்துவிட்டால் அப்பொருளை மறுபடி உருக்கி வார்க்க இயலாது. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரில் கீறல்களை உண்டாக்க, எஞ்சியதை வெயிலும் எண்ணெயும் கெடுத்துவிடுகின்றன. எனவே ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ரப்பர் உறுப்பைப் புதிதாக வார்ப்பது தவிர வேறு போக்கில்லை.

சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்குத் தக்க சான்று. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோத்தி வரைந்து, 1959இல் பிரிட்டனில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இவ்வண்டியின் உடற்பகுதி ஒரே கூடாக அன்றி, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின்மேல் தனித்தனிப் பகுதிகளாகப் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது என்பதால், பகுதிகள் சந்திக்கும் இடங்களில் மழைநீரைத் தடுக்கும் பொறுப்பு ரப்பர்ப் பட்டைகளையே சேர்கிறது. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்கப்பட்ட இவ்வண்டி, 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் நான்கு கதவுகளோடு வந்தது. இரு நாட்டு வண்டிகளுக்கும் பொதுவான உறுப்புகளைப் பிரிட்டனிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். பின்கதவைச் சுற்றி ஓடும் பட்டையை, பட்டறை வழக்கில் 'பீடிங்' எனப்படுவதை, வருவிக்க உலகில் வேறு இடமில்லை. அது இங்கேயே செய்யப்பட வேண்டும்.

இத்தகைய ரப்பர் உறுப்புகளை வார்க்கும் பட்டறைகளுள் இக்கட்டுரைக்கான கள ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது சென்னையின் அம்பத்தூர்ப் பகுதியில் அமைந்த, சில தொழிலாளரே கொண்ட சிறு கூடம். எதிரெதிர்த் திசையில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே ரப்பர் பிசையப்படுகிறது; 'மிக்சிங் மில்' என்னும் இவ்வியந்திரத்தில் வேக வேறுபாடே பிசையும் விசையைத் தருகிறது. நூறு பங்கு இயற்கை ரப்பருக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு கந்தகமும், உறுதிக்கும் கருநிறத்துக்கும் கார்பன் தூளும், துத்தநாக ஆக்சைடும் சேர்க்கப்படுகின்றன. உருளையைச் சுற்றிய மாவைக் கத்தியால் அறுத்து மடித்து மீண்டும் உள்ளே விடும் தொழிலாளியின் விரல்கள் உருளைகளின் இடுக்குக்கு மிக அருகில் இயங்குகின்றன. இத்தொழிலின் ஆபத்து முழுதும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

எனினும் இத்தொழிலின் அறிவு குடிகொண்டிருப்பது மில்லில் அன்று, அளவெடுப்பதில். மாதிரியாகக் கொண்டுவரப்படும் பழைய உறுப்பு தன் உண்மையான வடிவத்தை இழந்தே வருகிறது. பல்லாண்டு பாரம் தாங்கிய புஷ், அதாவது அசையும் இரு இரும்புப் பகுதிகளுக்கிடையே அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை, ஒருபுறம் நசுங்கி அந்த நிலையிலேயே உறைந்துபோயிருக்கிறது. கதவுப் பட்டையோ சுருங்கிக் கட்டையாகிவிடுகிறது. அதை அப்படியே படியெடுத்தால் நோயுற்ற வடிவமே புதிதாகப் பிறக்கும். ஆகவே பட்டறையின் மூத்த மேஸ்திரி முதலில் ரப்பரை அளப்பதில்லை. அது அமர்ந்திருந்த இரும்பு இருக்கையின் விட்டத்தையும் கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து, பாரம் படாத ஏதேனும் ஒரு மூலையில் பழைய வடிவம் எஞ்சியுள்ளதா எனத் தேடி, இவ்விரண்டையும் கொண்டு இல்லாத உறுப்பை ஊகித்து வரைகிறார். கடினத்தன்மையும் அவ்வாறே ஊகிக்கப்படுகிறது. ஷோர் மானி என்னும் ஊசிக் கருவி காட்டும் எண், முதுமையால் இறுகிய ரப்பருக்குரியது. ஆலையிலிருந்து வந்த நாளின் மென்மையை அது காட்டாது. பட்டை இறுகலாக அமைந்தால் கதவைச் சாத்த இயலாது, தளர்ந்தால் மழை உள்ளே வரும்.

இதன்பின் அச்சு வெட்டப்படுகிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தப்பட்ட ரப்பர் ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்குவதால், 50 மில்லிமீட்டர் உறுப்புக்கு அச்சின் குழி 51 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். பட்டை போன்ற நீள உறுப்புகளுக்கு, துளையிட்ட சிறு எஃகுத் தகடு வழியே ரப்பரைப் பிதுக்கினால் போதும் என்பதால் செலவு குறைவு. புஷ், மூடி, எஞ்சின் தாங்கி ஆகியவற்றுக்கோ இரண்டாகப் பிளக்கும் எஃகு அச்சு தேவை.

இந்த அச்சுச் செலவில்தான் அநீதி தொடங்குகிறது. பத்து வண்டிகளுக்கு மேல் தேவைப்படாத உறுப்புக்கும் ஆயிரம் உறுப்புகளுக்கும் அச்சுச் செலவு ஒன்றே. ஆனால் பட்டறைக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையே நின்று, அச்சுக் கூலியைக் கணக்கில் எடுக்காமல் ரப்பர் எடைக்கு விலை பேசும் இடைத்தரகர், அதே பொருளை உறையிலிட்டுத் தம் கடைப்பெயர் ஒட்டி, அரிய பொருள் என்ற விலைக்கு விற்கிறார். அரிதானது ரப்பரன்று, இல்லாத உறுப்பை ஊகித்த அறிவு. அதற்குப் பற்றுச்சீட்டில் ஒரு வரிகூட இல்லை. கண்காட்சியில் மீட்கப்பட்ட வண்டியின் அருகே வைக்கப்படும் பலகையில் உரிமையாளர் பெயர் இருக்கும், சில வேளை வண்ணம் பூசியவர் பெயரும் இருக்கும். கதவு சத்தமின்றிச் சாத்தப்படக் காரணமானவர் பெயர் இருப்பதில்லை. உடைமையாளர்கள் ஒன்றுகூடி அச்சுச் செலவைத் தாமே ஏற்று நேராகப் பட்டறையை நாடினால் இருதரப்பும் பயனுறும், தரகருக்கு வேலையும் இராது.

பட்டறையின் பின்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியில் பழைய அச்சுகள் எண்ணெய் தடவி அடுக்கப்பட்டுள்ளன. எது எந்த வண்டிக்கு உரியது என்பதற்குப் பதிவேடு இல்லை, சுண்ணக்கட்டியால் எழுதிய குறிகள் மட்டுமே உள்ளன. அக்குறிகளின் பொருள் மேஸ்திரி ஒருவருக்கே முழுமையாகத் தெரியும். இத்தகைய பட்டறை மூடப்படும்போது அச்சுகள் பழைய இரும்பு வியாபாரியின் தராசுக்குச் செல்கின்றன, அங்கே அவை எடைக்கு விலையாகின்றன.