ஆழம் ஆற்றுடையது, அகலம் மழையுடையது

அக்டோபர் 4

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனைக் கொலராடோ ஆறு அறுத்தது என்பார்கள். ஆழத்தைப் பொறுத்தவரை அது சரி. 50, 60 லட்சம் ஆண்டுகளில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் கீழிறங்கியது ஆறுதான். அகலம் யார் செய்த வேலை? அடியில் ஓடும் ஆற்றின் அகலம் சராசரியாக 90 மீட்டர். மேலே விளிம்புக்கு விளிம்பு சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆறு மட்டும் அறுத்திருந்தால் ஒடுங்கிய பிளவுதான் மிஞ்சியிருக்கும். அகலப்படுத்தியவை மழையும் உறைபனியும் கிளை ஓடைகளும் என்பதே என் கட்சி. பீடபூமியின் சாய்வே இதற்குச் சாட்சி. அது தெற்கு நோக்கிச் சாய்கிறது. வடக்கு விளிம்பில் பெய்யும் மழை பள்ளத்துக்குள் இறங்குகிறது. தெற்கு விளிம்பில் பெய்வதில் பெரும்பகுதி பள்ளத்தை விட்டு விலகி ஓடிவிடுகிறது. அதனால்தான் வடக்குச் சுவர் ஆற்றிலிருந்து வெகுதூரம் பின்வாங்கியிருக்கிறது. தெற்குச் சுவர் கிட்டத்திலேயே நிற்கிறது. இரு பக்கத்துக்கும் ஆறு ஒன்றுதான். வேறுபடுவது மழைநீர் ஓடும் திசை. மழையின் கைவரிசையைப் பாறையிலும் பார்க்கலாம். சிவந்து நிற்கும் ‘ரெட்வால்’ சுண்ணாம்புப் பாறையை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். வெளிச்சிவப்பு, மேலடுக்குகளின் இரும்புத் துருவை மழைநீர் வழியவிட்டுப் பூசியது.

அக்டோபர் 5

ஆறே இடம் மாறி மாறி ஓடி அகலப்படுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் வன்பாறை, மென்பாறை பாராமல் எல்லாவற்றையும் ஒருசேரச் சீவியிருக்கும். இங்கோ கோகோனினோ மணற்பாறை செங்குத்தாக நிற்க, பிரைட் ஏஞ்சல் களிப்பாறை சரிவாகக் கரைந்து, சுவர் முழுதும் படிக்கட்டாக இருக்கிறது. அடியிலுள்ள மென்பாறை அரிபட, பிடிமானம் இழந்த வன்பாறை பெயர்ந்து விழுகிறது. வறண்ட பூமியில் மழைக்கு அவ்வளவு பலம் ஏது என்பது அடுத்த கேள்வி. செடிகொடி குறைந்த நிலத்தில் அபூர்வமாகப் பெய்யும் பெருமழைதான் அதிகம் அரிக்கும். 1966 டிசம்பரில் பெய்த மழையில் கிரிஸ்டல் ஓடை பாறைகளைப் புரட்டிவந்து ஆற்றின் வழியையே நெருக்கியது. படகோட்டிகள் அஞ்சும் கிரிஸ்டல் நீர்விரைவு இன்றைய மூர்க்கத்தை அப்போதுதான் பெற்றது. ஆற்றுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. விழுந்ததை அள்ளிச் செல்ல அது இல்லாவிட்டால் இடிபாடுகளே பள்ளத்தை மூடியிருக்கும். 1963-இல் கிளென் கேன்யன் அணை தண்ணீரைத் தேக்கத் தொடங்கியபின் பழைய பெருவெள்ளங்கள் வருவதில்லை. சுவரை இடிக்கும் வேலை முன்போலவே நடக்கிறது. இடிபாட்டை அகற்றும் வேலைதான் பின்தங்கிவிட்டது. அணைக்குக் கீழே ஆற்றைப் பேணுவோர் கணக்கில் கொள்ள வேண்டியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.