படிவத்தில் தேதி கேட்கிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, ஒரு நாள் விடியற்காலையில் பையனையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் கன்னத்தை மூடியிருந்தாள். "டீச்சர், அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேணாம். அடிக்காம இருந்தாப் போதும். அப்படி ஒரு மனு எழுத முடியுமா?" என்றாள்.

முடியும். அதைத்தான் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு உத்தரவு என்கிறது. அடிக்கக் கூடாது, தொல்லை கொடுக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு உண்டு.

காகிதத்தில் சுலபம்தான். பாதுகாப்பு அலுவலர் இருப்பது மாவட்டத் தலைநகரில். இரண்டு பஸ் மாற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அடுத்த பஸ்ஸுக்கு அவளிடம் காசில்லை. போனால், அலுவலர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். அன்றிரவு அவளும் பையனும் என் வீட்டில்தான் படுத்தார்கள்.

மறுநாள் படிவம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்று கேட்கிறது. "பையனுக்குக் காது குத்தின மறுநாள்" என்றாள். "ரேஷன்ல பொங்கல் கரும்பு வாங்கின ராத்திரி" என்றாள். கணக்கில் நூறு வாங்கிய பிள்ளை! காலண்டரை விரித்து ஒவ்வொன்றாகத் தேடினோம். ஏழு தேதி கிடைத்தது. தனியாக வந்திருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பாள்.

மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம். அவளுக்கு ஐந்து வாரம் ஆனது. பிறகு இடைக்கால உத்தரவு கிடைத்தது.

சாதிச் சான்றிதழ் மாதிரி இதையும் இ-சேவை மையத்தில் வாங்கலாமே என்றேன். "ஊர்க்காரன் உட்கார்ந்திருக்கிற இடத்துல எப்படிம்மா வாயைத் திறப்பா?" என்றாள் என் மகள். நியாயம்தான். மனுவை நேராகக் கோர்ட்டிலும் கொடுக்கலாம்; எங்கள் தாலுகாவிலேயே கோர்ட் இருக்கிறது. அங்கே கேட்டு எழுதித் தர ஒரு பெண் அலுவலர் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு மேசை, ஒரு காலண்டர்.

அதுவரை, அவசரத்துக்கு 181. எழுத ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள். உங்கள் போனை வீட்டில் யாராவது பார்ப்பார்கள் என்றால், நேரில் வாருங்கள்.