மிதிலை மாடத்துக் கேள்வி

நாடகக் காட்சிக்குக் காதல் பாட்டு எழுதுபவர்கள் முதலில் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைப் படிக்க வேண்டும் என்பேன். ஸ்ரீரங்கத்தில், 18-ஆம் நூற்றாண்டில் அரங்கேறிய நூல் அது. மிதிலைக் கன்னிமாடக் காட்சியில் யாரும் காதலை அறிவிப்பதில்லை. முன்பின் அறியாத முகத்தைக் கண்ட மனம் யாரென்று கேட்கிறது, அவ்வளவுதான். கேள்வி என்பதால் பாட்டு முடிந்தும் கதை நிற்பதில்லை. வில் முறியும்வரை அந்தத் தவிப்பு நம்மோடு வருகிறது. வெறும் வர்ணனை அடுக்கிய பாட்டால் இது முடியாது.

நாடகமே இல்லாத கச்சேரியில், பைரவியில் அந்தக் கன்னிமாடப் பாட்டு உருக்குகிறதே, காட்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பல்லவி எத்தனை முறை திரும்பினாலும் சலிக்காதது ஏன்? ஒவ்வொரு சங்கதியும் விடை கிடைக்காத அதே கேள்வியை இன்னும் நெருங்கிக் கேட்கிறது. அந்தக் கேள்வி காட்சி தந்தது.